ஏட்டில் விடுபட்ட வரிகள்



"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்று நம் பெரியோர் சொல்லி வைத்தார்கள். படித்ததை நடைமுறையில் கொண்டுவராதவர்களுக்குச் சொன்ன அறிவுரை அது. ஆனால் ஓர் அலுவலகத்தின் வாசலில் போய் நிற்கும்போது இந்தப் பழமொழி தலைகீழாகிவிடுகிறது. அங்கே ஏட்டில் ஏறாத சுரைக்காய்தான் கறிக்கு உதவாது. கொல்லையில் காய் காய்த்துத் தொங்கினாலும், "ஏட்டில் எங்கே?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

இன்றைய பேச்சில் அப்படிப்பட்ட ஓர் ஏட்டைப் பற்றித்தான் பார்க்கப் போகிறோம். படையில் பணிபுரிந்துவிட்டு வீடு திரும்பும் வீரன் கையில் ஒரு விலகல் பத்திரம் கொடுக்கிறார்கள். அவன் பெற்ற பதக்கமும் முடித்த பயிற்சியும் அந்தப் பத்திரத்தில் விடுபட்டுப் போனால் என்ன ஆகும்? அதை எப்படித் திருத்துகிறார்கள்? எடுத்துக்காட்டாக அமெரிக்க நாட்டை எடுத்துக்கொள்வோம். இந்த வேலைக்கென்றே படிவங்களும் சட்டமும் அங்கே இருக்கின்றன. ஆகையால் ஒவ்வொரு படியையும் தெளிவாகக் காட்ட முடியும்.

"எங்கோ இருக்கும் சிப்பாயின் பத்திரம் நமக்கெதற்கு?" என்று கேட்க வேண்டாம். நம் தோட்டங்களிலிருந்தும் பிள்ளைகள் படைக்குப் போயிருக்கிறார்கள். அது மட்டுமன்று. பேச்சைக் கேட்டுக்கொண்டே வந்தால், நம் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் இருக்கும் தகரப் பெட்டியும் இந்தக் கதைக்குள் வருவது தெரியும்.

முதலில் அந்தப் பத்திரம் எப்படிப்பட்டது என்று பார்ப்போம். 1950-ஆம் ஆண்டு முதல் அமெரிக்கப் படைகளில் வழங்கிவரும் இப்படிவத்தின் பெயர் டி.டி. 214. பார்வைக்குச் சாதாரணத் தாள். கட்டம் கட்டமாகப் பிரித்திருப்பார்கள். வீரனின் பெயர், பதவி, படையில் சேர்ந்த நாள், விலகிய நாள், செய்த தொழில் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. பெற்ற பதக்கங்களுக்கு ஒரு கட்டம், முடித்த பயிற்சிகளுக்கு ஒரு கட்டம், வேறு குறிப்புகளுக்கு ஒரு கட்டம். எத்தனையோ ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் பட்ட பாடு முழுவதும் இந்தக் கட்டங்களுக்குள் அடங்கிவிடுகிறது.

அவன் படையை விட்டு வந்த பிறகு அவனுக்காகப் பேசுவது இந்தத் தாள்தான். முன்னாள் வீரர் மருத்துவமனையில் சிகிச்சை பெற இது வேண்டும். வீடு வாங்கக் கடன் உதவி கேட்டாலும், மேற்படிப்புக்கு உதவி கேட்டாலும் இதைத்தான் காட்ட வேண்டும். அவன் இறந்த பிறகு தேசிய இடுகாட்டில் மரியாதையுடன் அடக்கம் செய்யவும் குடும்பத்தார் இதையே தேடுகிறார்கள்.

"பதக்கம் ஒன்று விடுபட்டால் என்ன? அது சட்டையில் குத்திக்கொள்ளும் அலங்காரம்தானே?" என்று சிலர் நினைக்கலாம். அப்படியன்று. போரில் காயம்பட்டவர்களுக்குத் தரப்படும் ஊதா இதயப் பதக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது பத்திரத்தில் இருந்தால் முன்னாள் வீரர் மருத்துவமனையில் அவருக்கு முன்னுரிமை உண்டு. "நீர் உண்மையிலேயே போர்முனையில் இருந்தீரா?" என்ற கேள்விக்குப் பதக்கமே பல வேளைகளில் விடையாகிறது. பயிற்சியும் அப்படியே. வானொலிக் கருவி இயக்கப் படித்தவர், காயத்துக்கு மருந்து கட்டப் படித்தவர், கனரக வண்டி பழுதுபார்க்கப் படித்தவர், இவர்கள் வெளியே வேலை தேடும்போது "எங்கே படித்தீர்?" என்று கேட்பார்கள். படையில் பெற்ற பயிற்சியைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் கல்லூரிகளும் அந்நாட்டில் உண்டு. பத்திரத்தில் இல்லையென்றால், கற்ற தொழில் கையில் இருந்தும் கற்றதற்குச் சாட்சி இல்லாமல் போகிறது.

இத்தனை முக்கியமான தாளில் வரிகள் எப்படி விடுபடுகின்றன?

முதல் காரணம், காலம். பதக்கம் வழங்கும் ஆணை மேலிடத்தில் கையெழுத்தாகி, படைப்பிரிவுக்கு வந்து சேர்வதற்குள் வீரன் விலகி ஊருக்குப் போயிருப்பான். சில விருதுகள் ஒருவருக்காக அல்லாமல் ஒரு படைப்பிரிவு முழுவதற்கும் தரப்படுகின்றன. அவை சண்டை முடிந்து நெடுநாள் கழித்து அறிவிக்கப்படுவதும் உண்டு. அதற்குள் பத்திரம் எழுதி முடிந்திருக்கும்.

இரண்டாவது காரணம், இடம். ஒரு முகாமில் பணிபுரிபவனை வேறொரு முகாமுக்குப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். அவன் பயிற்சியை முடித்துத் திரும்பிவிடுவான். சான்றிதழின் நகல் மட்டும் அவனுடைய கோப்புக்கு வந்து சேராது.

மூன்றாவது காரணம், எழுதும் கை. படையிலும் ஒரு கிராணி உண்டு. ஒரே நாளில் பலருடைய பத்திரங்களைத் தட்டச்சு செய்ய வேண்டிய நிலையில் அவர் இருப்பார். ஒரு வரி தாண்டிப் போகும், ஓர் எண் மாறிப் போகும், பெயரில் ஓர் எழுத்துத் தவறிவிடும்.

நான்காவது காரணம் வீரனிடமே இருக்கிறது. வீட்டுக்குப் போகும் அவசரம். பல மாதங்களாக மனைவி மக்களைப் பார்க்காதவன், வெளியே வண்டி காத்திருக்கும்போது, நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடத்தான் நினைப்பான். அந்த அவசரத்தை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் படிக்காமல் விட்டதைத் திருத்த, பின்னால் ஐந்து ஆண்டுகள்கூட ஆகலாம்.

இவற்றோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எழுதப்படாத எல்லாமே பிழை ஆகாது. ஒரு வாரத்துக்கும் குறைவான சிறு பயிற்சிகளைத் தரைப்படைப் பத்திரத்தில் வழக்கமாகக் குறிப்பதில்லை. ஆகவே எது விதிப்படி விடப்பட்டது, எது தவறுதலாக விடுபட்டது என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

சரி, விடுபட்டது விடுபட்டுவிட்டது. திருத்துவது எப்படி?

முதல் படி, தன்னுடைய சேவைக் கோப்பின் நகலைக் கேட்டுப் பெறுவது. விலகல் பத்திரம் என்பது ஒரு சுருக்கம்தான். அதற்கு மூலமான கோப்பு வேறு. பழைய வீரர்களின் கோப்புகள் மிசௌரி மாநிலத்தில் செயின்ட் லூயிஸ் நகரத்தை அடுத்துள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்தில் இருக்கின்றன. இதற்கென 180 எண்ணிட்ட படிவம் ஒன்று உண்டு. இன்று கணினி வழியாகவும் கேட்கலாம். வீரன் உயிரோடு இல்லையென்றால், மறுமணம் செய்துகொள்ளாத மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் கேட்கலாம். வீரன் விலகி 62 ஆண்டுகள் ஆகாத கோப்புகளுக்கு, பொதுவாக வீரனிடமோ நெருங்கிய உறவினரிடமோ கட்டணம் வாங்குவதில்லை.

இரண்டாவது படி, பட்டியல் போடுவது. பள்ளிக்கூடத்தில் கோடு போட்டு எழுதுவதுபோல் நான்கு பத்திகள் போட வேண்டும். என்ன விடுபட்டது? அது எப்போது நடந்தது? எங்கே நடந்தது? அதற்குச் சான்று எது? ஒரு சிப்பாயை மனத்தில் வைத்துக்கொள்வோம். அவர் 1967-இல் 12 வாரம் வானொலி இயக்கும் பயிற்சி முடித்தார், 1968-இல் வியட்நாமில் பணிபுரிந்தார் என்று கொள்வோம். அவர் பத்திரத்தில் பயிற்சியும் இல்லை, வியட்நாம் சேவைப் பதக்கமும் இல்லை. பயிற்சிக்குச் சான்று, பள்ளி கொடுத்த சான்றிதழ். அது தொலைந்திருந்தால், அந்தப் பள்ளிக்குப் போகும்படி அவருக்கு வந்த ஆணைத்தாள். வியட்நாமில் இருந்ததற்குச் சான்று, அங்கே மாற்றிய ஆணை. அதுவும் இல்லையென்றால் சம்பளச் சீட்டு. ஏனென்றால் போர்முனையில் இருப்பவர்களுக்குச் சம்பளத்தோடு தனிப்படி ஒன்று உண்டு. அந்தப் படி சீட்டில் இருந்தால், அவர் அங்கே இருந்தார் என்பதைச் சம்பளக் கணக்கே சொல்லிவிடுகிறது.

கவனித்தீர்களா? பதக்கத்துக்குச் சான்று பதக்கம் அன்று. பதக்கத்தைக் கடையிலும் வாங்கலாம். அதை வழங்கிய ஆணையின் எண்ணும் தேதியும்தான் சான்று. அதே காலத்தில், வேறொரு வேலைக்காக எழுதப்பட்ட தாளுக்கு மதிப்பு அதிகம். இன்று நாம் நமக்காக எழுதிக்கொள்ளும் நூறு பக்கத்தைவிட, அன்று யாரோ எழுதிய ஒரு வரி பெரிது.

மூன்றாவது படி, அந்தச் சான்றுகளின் நகல்களை உரிய படை அலுவலகத்துக்கு அனுப்புவது. மூலத்தை அல்ல, நகலைத்தான் அனுப்ப வேண்டும். அலுவலகம் ஏற்றுக்கொண்டால், பழைய பத்திரத்தை வழக்கமாக அழித்து எழுதுவதில்லை. டி.டி. 215 என்ற இன்னொரு தாளைக் கொடுக்கிறார்கள். "இன்ன கட்டத்தில் இன்னதைச் சேர்த்துப் படிக்கவும்" என்று அதில் இருக்கும். அன்றுமுதல் இரண்டு தாள்களும் சேர்ந்தே ஒரு பத்திரம். ஒன்றை மட்டும் காட்டினால் பயன் இல்லை.

நான்காவது படி, அலுவலகம் மறுத்தால் செய்ய வேண்டியது. ஒவ்வொரு படைக்கும் ஆவணத் திருத்த வாரியம் ஒன்று உண்டு. சீருடை அணியாத அரசு ஊழியர்கள் அதில் உறுப்பினராக இருந்து முடிவு செய்கிறார்கள். டி.டி. 149 என்ற படிவத்தில் முறையிட வேண்டும். பிழை தெரியவந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும் என்பது சட்டம். ஆயினும் நீதியின் பொருட்டு அந்தக் கெடுவை விட்டுக்கொடுக்க வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. ஆகவே காலம் கடந்துவிட்டதென்று கேட்காமலே இருந்துவிடக் கூடாது. தோழர்கள் எழுதித் தரும் சாட்சிக் கடிதங்களையும் வாரியத்தின் முன் வைக்கலாம்.

இந்த வாரியங்களுக்கு வழிசெய்த சட்டம் 1946-இல் வந்தது. அதற்கு முன்பு இப்படிப்பட்ட பிழைகளைத் திருத்த, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நாடாளுமன்றமே சட்டம் போட வேண்டியிருந்தது. ஓர் ஏழைச் சிப்பாய்க்கு அது எட்டுகிற காரியமா? குறைதீர்க்கும் வழியை எளியவனுக்கும் எட்டும்படி அமைத்ததுதான் இங்கே நாம் கவனிக்க வேண்டிய முன்னேற்றம்.

இங்கே ஒரு வேறுபாட்டையும் மறக்கக் கூடாது. வழங்கப்பட்ட பதக்கம் ஏட்டில் விடுபட்டது வேறு. வழங்கப்படாமலே போன பதக்கம் வேறு. முன்னதைத் திருத்த, ஆணையைக் காட்டினால் போதும். பின்னதற்கு, "இவர் இன்ன வீரச்செயல் செய்தார், ஆகவே பதக்கம் தர வேண்டும்" என்று புதிதாகப் பரிந்துரை எழுத வேண்டும். அது நெடிய வழி.

இதுவரை சொன்னதெல்லாம் மூலக் கோப்பு பத்திரமாக இருந்தால்தான். அந்தக் கோப்பே எரிந்துபோனால்?

அப்படியும் நடந்தது. 1973-ஆம் ஆண்டு ஜூலை 12-ஆம் நாள், நள்ளிரவு கடந்த நேரத்தில், செயின்ட் லூயிஸ் ஆவண மையத்தின் ஆறாம் மாடியில் தீப்பிடித்தது. முற்றிலும் அணைந்ததென்று அறிவிக்க நான்கு நாள்களுக்கு மேல் ஆயிற்று. ஏறக்குறைய 1 கோடியே 60 லட்சம் முதல் 1 கோடியே 80 லட்சம் வரையிலான கோப்புகள் அழிந்தன. 1912 நவம்பர் முதல் 1960 சனவரி வரை விலகிய தரைப்படையினரின் கோப்புகளில் 100-க்கு 80 போயின. 1947 செப்டம்பர் முதல் 1964 சனவரி வரை விலகிய விமானப்படையினரில், அகரவரிசையில் ஒரு குறிப்பிட்ட பெயருக்குப் பின் வருவோரின் கோப்புகளில் 100-க்கு 75 போயின. அவற்றுக்கு இரண்டாம் படி இல்லை. நுண்படச் சுருளும் இல்லை. உள்ளே என்னென்ன இருந்தன என்ற அட்டவணைகூட இல்லை. இரண்டு உலகப் போர்களிலும் கொரியப் போரிலும் பணிபுரிந்தவர்களின் வரலாறு ஒரே கட்டடத்தில், ஒரே படியாக இருந்தது. அதுதான் பெரிய நஷ்டத்துக்குக் காரணம்.

நனைந்த கோப்புகளில் பல லட்சங்களை உலர்த்திக் காப்பாற்றினார்கள். மற்றவர்களுக்கு என்ன செய்தார்கள்? இங்கேதான் நமக்கு நன்றாகப் புரியும் ஒரு செய்தி வருகிறது. தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்குப் பெரட்டுக் களமும் தெரியும், செக்ரோலும் தெரியும். காலையில் பெயர் கூப்பிட்டு, வந்தவரையும் வராதவரையும் குறித்துக்கொள்வார்கள். அமெரிக்கத் தரைப்படையிலும் அதுபோல் ஒவ்வொரு பிரிவும் நாள்தோறும் காலை அறிக்கை எழுதி வந்தது. யார் புதிதாக வந்தார், யார் மாற்றலாகிப் போனார், யார் காயம்பட்டு மருத்துவமனைக்குப் போனார் என்று அதில் இருக்கும். அந்த அறிக்கைகள் வேறு இடத்தில் இருந்தன. சம்பளப் பட்டியல்கள் வேறு இடத்தில் இருந்தன. மருத்துவமனைச் சேர்க்கைக் குறிப்புகளும், மாநில அலுவலகங்களில் இருந்த பத்திர நகல்களும் கிடைத்தன. இவற்றை ஒன்றோடொன்று சேர்த்து, எரிந்துபோனவர்களின் சேவையை மீண்டும் எழுதித் தருகிறார்கள். இன்றும் அந்த வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது. வீட்டில் ஒரு நகலைப் பத்திரப்படுத்தியிருந்த வீரனுக்கு மட்டும் இந்த அலைச்சல் இல்லை.

இனி ஒரு மனிதருடைய கதையைச் சொல்கிறோம். அவர் பெயர் ஹென்றி ஜான்சன். நியூயார்க் மாநிலத்தில் ஆல்பனி நகர இரயில் நிலையத்தில் சுமை தூக்கி வாழ்ந்த கறுப்பின இளைஞர். முதல் உலகப் போரில் 369-ஆம் காலாட்படைப் பிரிவில் சேர்ந்து பிரான்சுக்குப் போனார். கறுப்பின வீரர்களைத் தங்களோடு சேர்த்துக்கொள்ள அமெரிக்கப் படை தயங்கிய காலம் அது. ஆகவே அந்தப் பிரிவைப் பிரெஞ்சுப் படையின் கீழ்ப் போரிட அனுப்பினார்கள்.

1918 மே மாதம், ஆர்கோன் காட்டில் ஓர் இரவு. ஜான்சனும் நீதம் ராபர்ட்ஸ் என்ற தோழரும் காவலில் இருந்தார்கள். ஜெர்மானியக் குழு ஒன்று அவர்கள்மீது பாய்ந்தது. ராபர்ட்ஸ் படுகாயம் அடைந்தார். அவரை எதிரிகள் இழுத்துச் செல்லவிடாமல் ஜான்சன் தனியாக நின்று போரிட்டார். துப்பாக்கி பயன்படாமற்போனபோது அதன் கட்டையால் அடித்தார். பின்பு வெட்டுக்கத்தியை எடுத்தார். தோழரைக் காப்பாற்றினார். அந்த இரவில் அவர் உடம்பில் பட்ட காயங்கள் 21.

பிரெஞ்சு அரசு அவருக்கு உயரிய போர்ச் சிலுவை வழங்கியது. ஊர் திரும்பியபோது ஊர்வலத்தில் மக்கள் ஆரவாரம் செய்தார்கள். ஆனால் அவர் கையில் கொடுத்த விலகல் பத்திரத்தில் அந்தக் காயங்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் குறிக்கிறார்கள். உடம்பு முழுதும் தழும்பு. தாளிலே தழும்பு இல்லை. பழைய சுமை தூக்கும் வேலையையும் அவரால் செய்ய முடியவில்லை. 1929-இல், முதுமை வருமுன்பே அவர் இறந்தார். அவருடைய சொந்த நாடு அதுவரை ஒரு பதக்கமும் தரவில்லை.

இறந்து 67 ஆண்டுகள் கழித்து, 1996-இல் ஊதா இதயப் பதக்கம் அவர் பெயருக்கு வழங்கப்பட்டது. பிறகு சிறப்புச் சேவைச் சிலுவை கிடைத்தது. 2015 ஜூன் 2-ஆம் நாள், அந்நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கத்தை அதிபர் ஒபாமா வழங்கினார். அந்தக் கடைசிப் பதக்கத்துக்கு வழி திறந்தது எது தெரியுமா? 2011-இல் பழைய ஆவணங்களைத் தேடியவர்களுக்கு ஒரு தாள் கிடைத்தது. சண்டை நடந்த சில நாள்களில், தளபதி பெர்ஷிங் ஜான்சனின் செயலைக் குறிப்பிட்டு அனுப்பிய செய்தி அது. 90 ஆண்டுகளுக்கு மேல் பலர் பேசினார்கள், எழுதினார்கள், மன்றாடினார்கள். அவர்களுக்கு அதுவரை இல்லாத வலிமையை, அந்த வாரத்தில் எழுதிய அந்தத் தாள் கொடுத்தது.

பதக்கத்தைப் பெற்றுக்கொள்ள ஜான்சன் இல்லை என்பதையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். திருத்தம் நீதிதான். ஆனால் காலம் கடந்த திருத்தம், பசித்தவன் போன பிறகு இலை போடுவது போன்றது.

நேயர்களே, ஏட்டில் ஒரு வரி விடுபட்டவரின் கதை இது. ஏடே இல்லாதவர்களும் உண்டு. அவர்கள் நம்மவர்கள். 1942, 1943-ஆம் ஆண்டுகளில் சயாமிலிருந்து பர்மாவுக்குச் சுமார் 415 கிலோமீட்டர் இரயில் பாதை போட்டபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் பெருந்திரளாகக் கொண்டுபோகப்பட்டார்கள். அதே பாதையில் மாண்ட போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் கல்லறை இருக்கிறது. ஏறக்குறைய 7,000 கல்லறைகள். பெரும்பாலானவற்றில் பெயர் இருக்கிறது. படைவீரர்களுக்குப் பதிவேடு இருந்தது, தோழர்கள் இரகசியமாகக் குறிப்பு வைத்திருந்தார்கள். நம் தொழிலாளர்களின் பெயர்களை அப்படி யாரும் எழுதி வைக்கவில்லை. போனவர் எந்த ஊர், என்ன பெயர், எங்கே விழுந்தார் என்று கேட்டால் காட்டுவதற்குத் தாள் இல்லை. பதிவு என்பது எத்தனை பெரிய விஷயம் என்பதை இதைவிட எப்படிச் சொல்வது?

இப்போது நம் வீட்டுக்கு வருவோம்.

ஒவ்வோர் ஆண்டும் முதலாம் ஆண்டு மாணவர்களைச் சேர்க்கும்போது ஆசிரியர்களாகிய நாங்கள் ஒன்றைப் பார்க்கிறோம். தகப்பனார் அடையாளக் கார்டில் ஒரு பெயர். பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் தகப்பனார் பெயர் வேறு விதம். தமிழில் லெட்சுமி என்றால் ஒரே லெட்சுமிதான். ஆனால் ரோமன் எழுத்தில் எழுதும்போது ஒருவர் லட்சுமி என்று எழுதுவார், ஒருவர் லெச்சுமி என்று எழுதுவார், ஒருவர் ஓர் எழுத்தை விட்டுவிடுவார். மூன்று தாளில் மூன்று லெட்சுமி. அந்த அம்மா ஒருத்திதான் என்பதை நாளைக்கு அலுவலகத்தில் யார் நிரூபிப்பது? தாய் தகப்பனாரின் தாள்களில் இருந்த குறையால், பிறந்த மண்ணிலேயே பிள்ளைகள் குடியுரிமைக்கு அலைய நேர்ந்த குடும்பங்களை நாம் அறியோமா?

வேலைக் கணக்கும் அப்படியே. 1951-இல் ஊழியர் சேமநிதி வந்தது. ஒவ்வொரு மாதமும் சம்பளத்தில் பிடித்த பணம் உங்கள் பெயரில் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது உங்கள் உரிமை. தோட்டம் விற்கப்பட்டு, ஆபீஸ் கட்டடம் இடிக்கப்பட்டு, கிராணியும் ஊர் போய்ச் சேர்ந்த பிறகு, "முப்பது வருஷம் பால்மரம் வெட்டினேன்" என்று சொன்னால் நம்ப மனிதர்கள் இருப்பார்கள். காட்டச் செக்ரோல் இருக்காது.

ஆகவே அந்த வீரர்களின் அனுபவத்திலிருந்து நாம் செய்யக்கூடிய சில காரியங்களைச் சொல்லி முடிக்கிறோம்.

முதலாவது, கையெழுத்துப் போடுமுன் படியுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் பிள்ளையைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். பெயர், எண், தேதி ஆகிய மூன்றையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கேயே நின்று, "இதைச் சரிசெய்து கொடுங்கள்" என்று பணிவாகக் கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

இரண்டாவது, எந்தத் தாளையும் வீசாதீர்கள். சம்பளச் சீட்டு, வேலைக்கு எடுத்த கடிதம், மருத்துவமனைச் சீட்டு, பிள்ளையின் பயிற்சிச் சான்றிதழ், எல்லாம் பிற்காலத்தில் ஏதோ ஒன்றுக்குச் சாட்சியாகும். சம்பளச் சீட்டு ஒரு சிப்பாயின் பதக்கத்துக்குச் சாட்சியானதைக் கேட்டீர்கள் அல்லவா?

மூன்றாவது, ஒரே இடத்தில் வைக்காதீர்கள். லயத்தில் ஒரு வீட்டில் பிடித்த தீ பத்து வீட்டுக்குப் போகும். மூலம் ஒரு பெட்டியில் இருக்கட்டும். நகல், வெளியூரில் இருக்கும் மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ இருக்கட்டும். இன்று கைப்பேசியிலேயே படம் எடுத்து வைக்கலாம். அதையும் இரண்டு பேருடைய கைப்பேசியில் வையுங்கள்.

நான்காவது, ஏதேனும் விடுபட்டிருந்தால் அந்த நான்கு பத்திப் பட்டியலைப் போடுங்கள். என்ன, எப்போது, எங்கே, சான்று எது? அலுவலகத்தில் பத்துக் குறையை ஒன்றாகக் கொட்டினால் ஒன்றும் நடக்காது. ஒவ்வொரு குறைக்கும் அதற்குரிய தாளைத் தனித்தனியே இணைத்துக் கொடுங்கள். கொடுத்த நாளையும் வாங்கியவர் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். திருத்தி வாங்கிய தாளைப் பழைய தாளோடு சேர்த்தே வையுங்கள்.

ஐந்தாவது, தாத்தா பாட்டி இருக்கும்போதே கேளுங்கள். எந்தத் தோட்டத்தில் பிறந்தார்கள், எந்த ஆண்டில் மாறினார்கள், யாரோடு வேலை செய்தார்கள் என்று பிள்ளைகளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். சாட்சி சொல்லக்கூடியவர்கள் நம்மோடு எப்போதும் இருக்கமாட்டார்கள்.

உழைத்தவன் உழைத்தது உண்மை. அதை எழுதாமல் விட்டவர் வேறு யாரோ. ஆயினும் அந்தப் பிழையைத் திருத்தும் சுமை உழைத்தவன் தலையிலேயே விழுகிறது. இது நியாயமா என்றால், நியாயம் இல்லை. அந்த நியாயத்தைக் கேட்கப் போகும்போதும் கையில் ஒரு தாள் இருந்தால் நம் குரல் உரத்து ஒலிக்கும். ஆகவே இன்றிரவு சாப்பாடு முடிந்ததும் அந்தத் தகரப் பெட்டியைக் கீழே இறக்குங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு தாளாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.